கானாவூர்க் கல்யாணத்துக்கு மறுநாள் காலை

ராயபுரம்,
புதன் இரவு.

பெரியத்தான் சாமி அவர்களுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். எங்கள் பிறந்த வீட்டு வழக்கப்படி கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இரண்டில் எது அங்கே ஒழுங்காக வந்து சேருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிரான்ஸில் இப்போதுதான் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நீங்கள் சொல்கிற அந்த ஒரு கிளாஸும் முடிந்திருக்கும். இங்கே வீடு தூங்கிவிட்டது. தூங்காமல் இருப்பது நானும், துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர் லாரிகளும்தான். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் அத்தையின் போனுக்கு வருவதையெல்லாம் உங்கள் தம்பிதான் உரக்கப் படித்துக் காட்டுகிறார். உங்களுக்கென்று தனியாக அனுப்பினாலோ, 'நம் ஹெப்சிபாவின் அழகான சிந்தனை' என்று போட்டு 'ஐரோப்பா திருயாத்திரை' குரூப்பிலேயே அதைத் திருப்பி அனுப்புகிற நல்ல மனசு உங்களுக்கு. அதனால்தான் மின்னஞ்சல். இன்னொன்று, கணவரின் அண்ணனை அத்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், குருவானவரைச் சாமி என்பது உங்கள் பக்கத்து வழக்கம். சாமியிடம் சண்டை போடக் கூடாது, அத்தானிடம் போடலாம். ஆகவே சண்டை வருகிற இடங்களில் மட்டும் அத்தான் என்று எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தை சுகம். முட்டி மட்டும் சுகமில்லை. பிள்ளை ரியானா சுகம், மூக்கு மட்டும் சுகமில்லை. அது லாரிப் புழுதி நிற்கிற அன்றுதான் சுகமாகும். உங்கள் தம்பி ஜெஸ்வின் மிக மிகச் சுகம். அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தபோது, ரியானா பிழைத்ததற்கான நேர்ச்சையை லூர்து நகரிலேயே செலுத்திவிடலாம், செப்டம்பரில் எல்லோரையும் நானே கூட்டிப் போகிறேன் என்றீர்கள். அத்தை அழுதார்கள். நானும் அழுதேன். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டைக்கூட நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அத்தான், லூர்து என்று ஆரம்பித்த பயணத்துக்கு ரோமாபுரி ஒரு பக்கமும் திராட்சைத் தோட்டம் இன்னொரு பக்கமும் எப்படி முளைத்தது? பண்பாடு, பக்தி என்று இரண்டுக்கு அழகாகத் தமிழில் தலைப்புப் போட்டீர்கள். மூன்றாவதை மட்டும் தமிழில் எழுதக் கை வராமல் 'வைன் டேஸ்டிங்' என்று விட்டுவிட்டீர்கள். நீங்கள் விட்டதை எங்கள் தெரு அன்பியக் கூட்டத்தில் உபதேசியார் பாஸ்கர் பிடித்துக்கொண்டார். உங்கள் பயணத் திட்டத்தைச் செபமாலை முடிந்த கையோடு எழுந்து நின்று, கணீரென்று, "திராட்சை இரசம் சுவைத்தல்" என்று வாசித்துவிட்டார். சுற்றியிருந்த பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "அங்க சாமியாருங்களே கையால ஊத்தித் தருவாங்களாக்கா?" என்று ஒருத்தி அத்தையைக் கேட்க, "பின்ன? எம் புள்ள அங்க எதுக்குக் கீறான்?" என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அது வைன் இல்லை. எங்கள் வேதாகமத்தில் அது திராட்சரசம், உங்கள் விவிலியத்தில் திராட்சை இரசம். எந்த எழுத்தில் எழுதினாலும் குடித்தால் தலை சுற்றும் என்று நான் சொன்னால், 'பிராட்டஸ்டண்ட் வீட்டுப் பொண்ணு, அதான் பூசை தெரியாது' என்று முடித்துவிடுகிறார்கள். என் அப்பா வெள்ளத்துரை தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர், உங்களுக்குத் தெரியும். எங்கள் சபையில் திருவிருந்துக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து, கொதிக்க வைத்து வடிகட்டித்தான் தருவார்கள். அவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னபோது, "யம்மா, ரசம்னா நமக்கு மிளகு ரசந்தான். பொடி திரிச்சித் தாறேன், எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். ரசப்பொடி வந்துவிட்டது. பெட்டியில் ரியானாவின் நெபுலைசருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊரெல்லாம் காலிப் பாட்டில் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். மாதா உருவத்தில் நீலக் கிரீடம் வைத்த பிளாஸ்டிக் பாட்டில், குழந்தைக்குச் சளி மருந்து தீர்ந்த பாட்டில், ஒன்றிரண்டு எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்த தட்டையான பாட்டில். அதில் லூர்து தண்ணி, இதில் திராட்சை ரசம் என்று கட்டளை வேறு. பக்கத்து வீட்டு ரசூல் பீவிகூட முட்டிக்குத் தடவ ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, கதவருகில் நின்று என் முகத்தைப் பார்த்தார். "மாதா தண்ணி கொண்டா கண்ணு. ஆனா தண்ணிக்குப் போறவன தண்ணிலயே உட்டுட்டு வந்துறாத." இந்த வீட்டில் யாருக்கும் விளங்காதது பக்கத்து வீட்டுக்கு விளங்கிவிட்டது, அத்தான்.

உங்களுக்கும் விளங்கவில்லை என்பதால் சத்தியம் நடந்த கதையைச் சொல்கிறேன். நீங்கள் அப்போது இங்கே இல்லை. ரியானாவுக்கு ஒரு வயது முடியவில்லை. மூச்சு இழுத்து உதடு நீலமாகிறது. உங்கள் தம்பி காசிமேட்டுப் பக்கம் தோஸ்துகளோடு போய்விட்டு வந்து, கூடத்தில் ஒரு கால் செருப்போடு விழுந்து கிடக்கிறார். எழுப்பினேன். "தோ வரேன் ஹெப்சி" என்றார். அதையே மறுபடி மறுபடி சொன்னார், கண்ணைத் திறக்கவில்லை. ஆட்டோ வந்தது, ஆனால் லாரி வரிசையைத் தாண்ட முடியவில்லை. இறங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கன்டெய்னர்களுக்கு நடுவில் நடந்தேன். ஒரு லாரி கிளீனர் கீழே குதித்து, இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி, "போக்கா, நீ போக்கா" என்று கத்தினான். அவன் முகம் எனக்கு நினைவில்லை. ஆனால் ராத்திரி செபத்தில் அவனைச் சொல்லாமல் நான் தூங்குவதில்லை.

பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயில் வாசல் மாதா கெபிக்கு அத்தை இவரை இழுத்துப் போனார்கள். "மாதாவப் பாத்து சொல்றா" என்றார்கள்.

"இனிமே மதுவத் தொடமாட்டேன் மாதாவே" என்றார் இவர்.

"அடப்பாவி! மதுவா? யார்ரா அவ? ஆபீஸ்ல பில்லு போடற பொண்ணா?"

"யம்மா, மதுன்னா சரக்கும்மா."

"அப்ப சரக்குன்னு சொல்லித் தொலையேண்டா."

"சரக்கத் தொடமாட்டேன்னு எப்டிமா சொல்றது? கன்டெய்னர் யார்டுல தெனிக்கும் சரக்க ஏத்தி எறக்கி சீல் போட்டாத்தான சோறு? மாதா முன்னாடி பொய் சத்தியமா பண்ணச் சொல்ற?"

"தண்ணி?"

"தண்ணி குடிக்காம எப்டிமா உசுரோட கீறது?"

மூன்றும் ஆகாது என்றானதும் அத்தை ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாதாவுக்குக் குழப்பம் வரக் கூடாது, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி விடு. இவரும் மண்டியிட்டு, கண்ணீரோடு, பேர் பேராகச் சொன்னார்: பிராந்தி, விஸ்கி, ரம், பீர். நான் பிள்ளையோடு பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். படித்தவள் நான். வேதியியல் பட்டம் வாங்கியவள். அந்த ஆமெனை இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். சாயந்திரம் வீட்டுக்கு வந்தார், ரியானாவுக்கு நெபுலைசர் வைத்தார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் திருவொற்றியூர் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். வாசனை பார்க்கிற பழக்கத்தை நான் மெல்ல மெல்ல விட்டேன். பெருமையாக ஒன்று சொல்வார்: "ஹெப்சி, நான் போட்ட சீல எவனும் பிரிச்சதில்ல. கன்டெய்னர் ஆனாலும் சரி, சத்தியம் ஆனாலும் சரி." அதை நம்பித்தான் நான் ராத்திரியில் கண்ணை மூட ஆரம்பித்தேன். அந்தத் தூக்கத்தைத்தான் நீங்கள் இப்போது பயணத் திட்டம் போட்டுக் கலைத்திருக்கிறீர்கள், அத்தான்.

உங்கள் மூன்றாவது தலைப்பைப் படித்த அன்றே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "ஹெப்சி, நல்லா ரோசன பண்ணிப் பாரு. பிராந்தி சொன்னேன், விஸ்கி சொன்னேன், ரம்மு சொன்னேன், பீரு சொன்னேன். திராட்ச ரசம்னு சொன்னேனா?" பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்: "சொல்லல இல்ல? சொல்ல முடியாது. சொன்னா பூசைக்கே போவ முடியாது." அத்தை பூண்டு உரித்தபடியே, "அதுவும் நாயம்தான்" என்றார்கள்.

அன்றிலிருந்து பயிற்சி. யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தருகிறார், இவர் எவர்சில்வர் டம்ளரில் திராட்சை ஜூஸை ஊற்றிச் சுழற்றுகிறார். மூக்கை உள்ளே விடுகிறார். "மரவாசனை வர்து" என்கிறார். அது டம்ளர் விளக்கிய தேங்காய் நார் வாசனை. பிறகு வாயில் வைத்துக் கொப்பளித்து வாஷ்பேசினில் துப்புகிறார். நான் பயப்பட வேண்டாமாம், அங்கே யாரும் விழுங்க மாட்டார்களாம், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதுதான் மரியாதையாம். அத்தைக்கே அன்று பொறுக்கவில்லை. "துப்பறதுக்கு எதுக்குடா பிரான்ஸு? நம்ம ராயபுரம் பாலத்தாண்ட நின்னு துப்பினா ஆவாதா?" ரியானாவும் பாலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பக் கற்றுக்கொண்டாள். பள்ளியிலிருந்து மிஸ் கூப்பிட்டு விசாரித்தார். வீட்டில் யாத்திரைக்குத் தயாராகிறோம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

யார்டில் இவருக்கு ஒரே மரியாதை. "இன்னா மாமு, ஊர்ல இல்லாத தண்ணியா? தண்ணிக்கோசரம் பிளேன் புடிக்கறியாமே!" என்று ஒருவர் கேட்டாராம். அதை வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார். முன்பெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு விலகிவிடுவார். இப்போது சிரிக்கிறார். அந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

பண்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தள்ளிவிட்டேன் என்பீர்கள். ரோமாபுரிச் சிலைகளைப் போனில் காட்டியதும் அத்தை ரியானாவின் கண்ணைப் பொத்தி, தன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "அய்யே, இன்னா கலீஜா கீது. போப்பாண்டவரு ஊர்ல ஒரு துண்டு கெடைக்கலயா?" என்றார்கள். விசா ஆபீஸிலும் அவர்கள்தான். எதற்காக லூர்துக்குப் போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்க, "எம் பேரே லூர்து மேரி. எங்கிட்டயே லூர்துக்கு எதுக்குப் போறன்னு கேக்கிறியே, உனுக்கே நாயமா கீதா?" என்றார்கள். அடுத்து இவர். "பில்கிரிமேஜ் அண்ட் வைன், மேடம்." அந்தப் பெண் சிரித்தாள். விசா கிடைக்காமல் போய்விடுமோ என்று ஊரே பயப்படுகிற இடத்தில், கிடைத்துவிடுமோ என்று பயந்து நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிடைத்துவிட்டது.

இதற்கெல்லாம் மேலே, கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுவந்து வைத்த திராட்சை ரசப் பாட்டில். உங்கள் பங்குக்காரர்கள் தோட்டத்தில் ஆனது, யாரோ ஒரு புனிதரின் படம் போட்டது என்று அம்மாவுக்கு ஆசையாகக் கொடுத்தீர்கள். படம் இருப்பதால் அத்தை அதைப் பீடத்தில் லூர்து மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். கழுத்தில் சிவப்பு மெழுகு முத்திரையோடு அதுவும் ஒரு சுரூபம் மாதிரியே நிற்கிறது. தினமும் அதன் முன்னால் சிவப்பு மெழுகுவர்த்தி எரிகிறது. ரியானா கை கூப்பி, "பாட்டில் சாமி, எனக்கு இருமல் வரக் கூடாது" என்று வேண்டுகிறாள். அவளுக்கு மூச்சு இழுத்த அன்று எந்தச் சாமி அவள் அப்பாவை எழவிடாமல் கூடத்தில் கிடத்தியதோ, அந்தச் சாமியிடமே. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன ஞாயிறு வீடியோ காலில் இதில் பாதியை உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். "ஒரு கிளாஸ்தானேம்மா ஹெப்சி, இங்கே அது கலாச்சாரம். ஆண்டவரே கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கவில்லையா?" என்றீர்கள். பின்னால் நின்றிருந்த உங்கள் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்டவனை வாத்தியாரே தட்டிக்கொடுத்தது போல மலர்ந்தது. அத்தான், நானும் வேதம் படித்து வளர்ந்தவள்தான். கானாவூரில் ஜாடிகள் எவ்வளவு பெரியவை என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ரசம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பந்தி விசாரித்தவர் பாராட்டியதை எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை அந்த ஊரில் எந்த வீட்டுக் கூடத்தில் எவன் ஒற்றைச் செருப்போடு கிடந்தான், எவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை. எழுத அவர்களில் ஒருவர் வீட்டில்கூட என்னைப் போல ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். உங்கள் வீட்டிலும் இல்லை. உங்களுக்கு அது கலாச்சாரம். நீளக் காம்பு வைத்த கிளாஸில் ஊற்றினால் எத்தனால் வேறு பொருளாகிவிடும் என்று நான் படித்த வேதியியலில் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. திராட்சைத் தோட்டத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நாட்களையும் லூர்துக்கே கொடுங்கள். அவர் அங்கே தண்ணீரில் முழுகட்டும், பாட்டில் பாட்டிலாகப் பிடித்து ஊருக்கே கொடுக்கட்டும், தண்ணி என்ற சொல்லுக்கு அந்த ஒரு அர்த்தம் மட்டும் இருக்கிற இடத்தில் கொஞ்ச நாள் இருக்கட்டும். காரணம் கேட்டால் மழை என்று சொல்லுங்கள், தோட்டக்காரர் செத்துப்போனார் என்று சொல்லுங்கள். குருவானவர் பொய் சொல்லலாமா என்றால், அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவார். நம்பிக்கை இருக்கிறது. இருப்பதால்தான் அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்ற வேண்டாம் என்கிறேன்.

அத்தை உங்களிடம் ஆசீர் கேட்டு முத்தம் சொல்லச் சொன்னார்கள். ரியானா, பெரியப்பா ஊரில் பனியைக் கையில் பிடிக்கலாமா என்று கேட்கிறாள். உங்கள் பங்கில் பூசைக்கு வருகிற பாட்டிமார்கள் எல்லோரும் நலமாக இருக்க எங்கள் செபங்கள். எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஒருவரைக் கொஞ்சம் அதிகமாக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மனைவி
ஹெப்சிபா ஜெஸ்வின்

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்கு முன்னால், இவ்வளவு எழுதிவிட்டுப் பாட்டிலை மட்டும் பீடத்தில் விட்டுவைப்பது சரியில்லை என்று தோன்றியது. சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கை தவறி உடைந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். மெழுகைக் கத்தியால் சுரண்டினேன். தக்கை இழுத்ததும் வந்துவிட்டது. கவிழ்த்தேன்.

தண்ணீர். வாசனை பார்த்தேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். குளோரின். மெட்ரோ வாட்டர். அங்கே கானாவூரில் தண்ணீர் திராட்சை ரசமானது, இங்கே ராயபுரத்தில் திராட்சை ரசம் மெட்ரோ வாட்டராகியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் என் போனில் இருக்கிறது. அதில் கழுத்தில் தங்கத் தாள்தான் சுற்றியிருக்கிறது, மெழுகு இல்லை. பீடத்து மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருக்கிறார். அத்தைக்குத் தக்கையை இழுக்கக் கையில் பலம் இல்லை. இழுத்தாலும், ஒரு சொட்டு வழியாமல் இவ்வளவு சுத்தமாகச் சீல் வைக்கிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இனி சண்டை இல்லை, சாமி. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். திராட்சைத் தோட்டத்தை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அங்கேயாவது என் எதிரில் குடிக்கட்டும். பாட்டிலைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பி, நானே மெழுகு வைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். என் சீல் கொஞ்சம் வழிந்திருக்கிறது. காலையில் அத்தை விளக்கேற்றுவார்கள், பிள்ளை கை கூப்பும், அவர் அதைப் பார்ப்பாரா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு எதுவும் எழுத வேண்டாம். எனக்கு மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.